இரண்டாம் பாகத்துக்கு முன் முதல் பாகத்தின் சுருதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற வாத்திய இசை ஆல்பங்களின் இரண்டாம் பாகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பழைய பதிவிலிருந்து சில துண்டுகளை எடுத்துப் புதிய வாசிப்போடு சேர்த்தால் போதும் என்று சொல்கிறது. வட சென்னையில் சிறிய ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவு செய்யும் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

டேப்பில் பதிவான இசை பெரும்பாலும் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் பொது அளவான 440 ஹெர்ட்ஸில் சரியாக நிற்பதில்லை. மெஷின் ஒரு சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி சுமார் 17 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிவிடும். வயலின்காரர் காதால் சமாளித்துக்கொள்வார். கீபோர்டை 444.4-க்கு ஏற்றியாக வேண்டும். சுருதியை மாற்ற முடியாத மணி வாத்தியம், சைலஃபோன் இருந்தால் அதுவும் நடக்காது. பழைய துண்டின் சுருதியைத்தான் இறக்க வேண்டும். ரீலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் சுருதியைப் பாருங்கள். ஒரே டேப்பிலேயே வேகம் மாறுவதுண்டு. கிளிக் (காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) இல்லாமல் வாசித்த பழைய இசையைக் கம்ப்யூட்டரின் ஒரே டெம்போவில், அதாவது மாறாத தாள வேகத்தில், அடைத்தால் அதன் நடை செத்துவிடும். ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகத் தட்டி, டெம்போ ஏறி இறங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் வாசிப்பதே சரி.

மாஸ்டர் டேப் (மூல ஒலிப்பதிவு நாடா) கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. எழுபது, எண்பதுகளின் டேப்புகள் பலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகியிருக்கும். ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூச்சு பழுப்பு நிறத்தில் அப்பும், இசையும் அதோடு உரிந்து போகும். அப்படிப்பட்ட டேப்பை ஈரம் போக, வெப்பம் துல்லியமாக நிற்கும் அடுப்பில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் வைத்து, நன்றாக ஆறவிட்டு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் தரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். வீட்டு மைக்ரோவேவ் கூடவே கூடாது. அசிட்டேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த டேப்பைச் சூடாக்கவே கூடாது.

எங்கள் பக்கத்தில் வேறு தொல்லைகள். ராயபுரம், காசிமேடு கடற்காற்றில் டோலக்கின் தோல் தளர்கிறது. ஏசி அறைக்குள் வந்ததும் இறுகிச் சுருதி ஏறுகிறது. காலையில் எடுத்த டேக்கும் மாலையில் எடுத்ததும் ஒட்டாததற்கு இதுவே காரணம். வாத்தியத்தை ஓரிரு மணி நேரம் முன்பே அறைக்குள் வைத்துவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு காதுக்கு எட்டாது, ஆனால் தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறிவிடும். பிறகு ஃபில்டர் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் டோலக்கின் இடது பக்க கும்கியும் (கையை அழுத்தி எழுப்பும் ஆழ்ந்த ஒலி) சேர்ந்து போய்விடும். ஸ்டாண்டுக்கு அடியில் கனமான ரப்பர், மைக்குக்கு ஷாக் மவுன்ட் (அதிர்வு தாங்கும் பிடிப்பான்), முடிந்தால் லாரி ஓட்டம் குறைந்த நேரம். வேறு வழியில்லை.

இவ்வளவு பாடுபட்டும் பழைய ஒலியையே திரும்பச் செய்வதில் எங்களுக்கு விருப்பமில்லை. 1973-இல் 'டியூபுலர் பெல்ஸ்' என்ற வாத்திய இசை ஆல்பத்தைத் தந்த ஆங்கில இசைக் கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்ட், 1992-இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது பகுதிகளின் வரிசையை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி, மெட்டுகளைப் புதிதாக எழுதினார். இளையராஜாவோ 1986-இன் 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்துக்குப் பின் அதே பெயரில் எண் போடாமல், 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை நடுவில் வைத்து 'நத்திங் பட் விண்ட்' செய்தார். இரண்டும் நேர்மையான வழிகள். துண்டு ஒட்டுவது அப்படியல்ல.

ஒட்டித்தான் தீர வேண்டுமென்றால், மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரு தரப்பிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே டேப்பைத் தொட வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கலைஞர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை – 13.