சிக்னல் ஹேண்ட்லருக்குள் வேலை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சர்வர் புரோகிராம் எழுதுவது பற்றி வரும் தொடரை விடாமல் படிக்கிறேன். தமிழில் இந்த அளவுக்கு உள்ளே இறங்கி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் தொடர் நிற்கக்கூடாது. ஆனால் கடைசியாக வந்த பகுதியில், கண்ட்ரோல்-சி அடித்தால் புரோகிராம் ஒழுங்காக நிற்பதற்கு என்று கொடுத்திருந்த மாதிரி நிரலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேயே, அதாவது இயங்குதளம் அனுப்பும் சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே, திரையில் எழுதும் பிரின்ட்எஃப் போட்டு, திறந்திருக்கும் இணைப்புகளை எல்லாம் மூடி, மெமரியை ஃப்ரீ செய்து, எக்ஸிட் கூப்பிடுகிறது அந்த நிரல். இதை அப்படியே எடுத்துத் தங்கள் புரோகிராமில் போடுகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். சோதித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சரியாகவே நிற்கும், அதுதான் இதில் பெரிய ஆபத்து.

சிக்னல் வரும்போது நடப்பது என்ன? புரோகிராம் எந்த வரியில் இருந்தாலும் சரி, ஒரு வரியின் பாதியில் இருந்தாலும் சரி, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை அப்படியே நிறுத்திவிட்டு ஹேண்ட்லரை ஓடவிடுகிறது. ஹேண்ட்லர் முடிந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த விட்ட இடம் எது என்பது நம் கையில் இல்லை. புரோகிராம் மெமரி கேட்டு மாலாக் கூப்பிட்டிருக்கிறது, மாலாக் தன் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையப் போடும் பூட்டு) பிடித்துக்கொண்டு காலி இடங்களின் பட்டியலை மாற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டு பாயின்டர்களில் ஒன்றைத் திருத்தியாகிவிட்டது, இன்னொன்று பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அந்த இடத்தில், நிற்கச் சொல்லும் சிக்னலான சிக்டெர்ம் வருகிறது. ஹேண்ட்லர் ஃப்ரீ கூப்பிடுகிறது, ஃப்ரீ அதே லாக்கைக் கேட்கிறது. பிடித்திருப்பதும் கேட்பதும் ஒரே த்ரெட், அதாவது புரோகிராமின் ஒரே ஓட்டம். ஹேண்ட்லர் முடிந்தால்தான் மாலாக் தொடரும், மாலாக் தொடர்ந்தால்தான் லாக் கிடைக்கும். அவ்வளவுதான், புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். த்ரெட் ஒன்றுதானே என்று லாக்கே பிடிக்காமல் விடும் இடங்களில் இன்னும் மோசம், பாதி திருத்திய பட்டியலில் ஃப்ரீயும் கைவைத்து மெமரி சிதைந்துபோகும். பிரின்ட்எஃப் கதையும் இதேதான், அதன் பஃபர் பாதி மாறிய நிலையில் இன்னொரு பிரின்ட்எஃப் உள்ளே நுழைகிறது.

இதற்காகவே ஹேண்ட்லருக்குள் எந்தெந்த ஃபங்ஷனைக் கூப்பிடலாம் என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ரைட் இருக்கிறது, கில் இருக்கிறது, வெயிட்பிட் இருக்கிறது, அடிக்கோட்டில் தொடங்கும் எக்ஸிட் இருக்கிறது. சாதாரண எக்ஸிட் கிடையாது, பிரின்ட்எஃப், மாலாக், ஃப்ரீ, பதிவேட்டில் குறிப்பு எழுதும் சிஸ்லாக் எதுவும் கிடையாது. உங்கள் மாதிரி நிரலில் இருப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் பயம் என்று நினைப்பவர்களுக்கு, தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட, சிவிஇ-2024-6387 என்ற பதிவெண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை முழுக்க முழுக்க சிக்னல் ஹேண்ட்லரில் இருந்ததுதான். உள்நுழைய வந்தவர் 120 நொடிக்குள் (வேறு எதுவும் மாற்றாவிட்டால் இதுதான் கெடு) உள்நுழையாவிட்டால், நேரம் முடிந்ததைச் சொல்லும் சிக்அலார்ம் சிக்னல் அடிக்கும், அதன் ஹேண்ட்லர் சிஸ்லாக் கூப்பிடும், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் சிஸ்லாக் உள்ளுக்குள் மாலாக் வரை போகும். அந்த நேரம் பார்த்து மெமரியை வசமாக அமைத்துவைத்தால், கடவுச்சொல்லே இல்லாமல் வெளியிலிருந்து ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு நிரலை ஓட்டலாம். சராசரியாகப் பத்தாயிரம் முயற்சியில் ஒருமுறை நேரம் பொருந்துகிறது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள், ஒரு தானியங்கி நிரலுக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை. இதே ஓட்டை 2006-லேயே சிவிஇ-2006-5051 என்று பதிவாகி அடைக்கப்பட்டது. அப்புறம் 2020-ல் செய்த ஒரு மாற்றத்தில், சிஸ்லாக்கைத் தடுத்துவைத்திருந்த ஒரு நிபந்தனை வரி தவறுதலாக நீங்கிப்போய், 8.5பி1 பதிப்பிலிருந்து 9.8பி1 வரும் வரை ஓட்டை திறந்தே கிடந்தது. பாதுகாப்பில் இவ்வளவு கவனமாக இருக்கும் ஒரு திட்டத்திலேயே ஒரு வரி போனதற்கு இந்த நிலைமை. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் தப்பித்தது, ஏனென்றால் அங்கே ஹேண்ட்லரில் கூப்பிடவே தோதாக 2001-லேயே சிஸ்லாக்கின் வேறு வடிவத்தை எழுதிவைத்திருந்தார்கள்.

சரி, அப்படியானால் ஹேண்ட்லரில் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பில் அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்று அடுத்த யோசனை வரும். வோலடைல் சிக்-அடாமிக்-டி வகையில் ஒரு மாறியைக் கொடியாக வைத்து, லூப்பின் தலையில் "நிற்க வேண்டுமா" என்று சோதித்துவிட்டு, இணைப்புகளில் ஏதாவது வரும் வரை தூங்கவைக்கும் "போல்" என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவது. பாதி சரி. ஆனால் சோதனைக்கும் போலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. கொடி இறங்கியிருக்கிறது என்று பார்த்தாயிற்று, போலுக்குள் இன்னும் போகவில்லை, அந்த இடைவெளியில் சிக்னல் வந்து கொடி ஏறுகிறது, ஹேண்ட்லர் முடிகிறது, புரோகிராம் நிம்மதியாகப் போலுக்குள் போய்த் தூங்குகிறது. இனி ஏதாவது ஒரு இணைப்பில் தரவு வந்தால்தான் விழிக்கும். ஆளில்லாத ராத்திரி நேரத்தில் சர்வரை நிறுத்தச் சொன்னால் நிற்காமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். இதற்குப் பலர் போடும் ஒட்டு, போலுக்கு ஒரு நொடி டைம்அவுட் கொடுப்பது. அதை நான் தீர்வாகவே ஒத்துக்கொள்ள மாட்டேன்: சும்மா இருக்கும் புரோகிராமை நொடிக்கொருமுறை எழுப்பிவிட்டு, பிழையையும் உள்ளேயே வைத்திருப்பதுதான் அது.

முறையான வழிகள் மூன்று இருக்கின்றன, மூன்றின் சாரமும் ஒன்றுதான்: சிக்னலை மற்ற எல்லா நிகழ்வுகளையும் போல லூப் வாசிக்கும் ஒரு நிகழ்வாக மாற்றுவது.

முதல் வழி, பிசெலக்ட் அல்லது பிபோல். சிக்னலை எப்போதும் பிளாக் செய்து வைத்துவிட்டு, தூங்கும் நேரத்துக்கு மட்டும் மாஸ்க்கை (பிளாக் செய்த சிக்னல்களின் பட்டியல்) திறக்கும்படி கெர்னலிடமே விடுவது. மாஸ்க் மாறுவதும் தூங்கப்போவதும் ஒரே செயலாக நடப்பதால் இடைவெளியே இருக்காது. லினக்ஸில் பிசெலக்ட் கெர்னலுக்குள் வந்தது 2.6.16 பதிப்பில்தான். அதற்கு முன்னால் ஜிலிப்சி அதை வெளியில் போலியாகச் செய்துகொடுத்தது, அதனால் எந்த இடைவெளியை அடைக்க வந்ததோ அதே இடைவெளி அதற்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது, புரோகிராமர் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் செல்ஃப்-பைப். புரோகிராம் தனக்குத்தானே ஒரு பைப் (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் வாசிக்கும் குழாய்) திறந்துகொள்கிறது, ஹேண்ட்லர் அதில் ஒரே ஒரு பைட் எழுதிவிட்டுத் திரும்புகிறது, பைப்பின் வாசிக்கும் முனை மற்ற சாக்கெட்டுகளோடு சேர்ந்து போலில் நிற்கிறது. எந்த யூனிக்ஸிலும் ஓடும், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவதும் இதைத்தான். ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இரண்டு முனைகளையும் நான்-பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும் வகை) ஆக்க வேண்டும், எழுதும் முனையையும் சேர்த்து. பைப் நிரம்பிவிட்டால் ரைட் காத்திருக்கும், ஹேண்ட்லர் காத்திருக்கும்போது லூப் பைப்பை வாசிக்காது, மறுபடியும் முதலில் சொன்ன அதே உறைநிலை. நான்-பிளாக்கிங்கில் ரைட் தோற்றுப்போனால் கவலையே வேண்டாம், பைப்பில் ஏற்கெனவே பைட்டுகள் கிடப்பதால் லூப் எப்படியும் விழிக்கும். இன்னொன்று, எர்ர்நோ, அதாவது கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறி. ஏதோ ஒரு ரீட் தோற்று எர்ர்நோவைப் பார்க்கப்போகும் நேரத்தில் சிக்னல் வந்து, ஹேண்ட்லரின் ரைட் எர்ர்நோவை மாற்றிவிட்டால், லூப் தப்பான காரணத்தைப் படிக்கும். ஹேண்ட்லருக்குள் நுழைந்ததும் எடுத்துவைத்து, வெளியேறும்போது திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவோ நல்ல நிரல்களில்கூட இந்த இரண்டு வரியைக் காணவில்லை.

மூன்றாவது லினக்ஸின் சிக்னல்எஃப்டி, 2007-ல் 2.6.22 கெர்னலோடு வந்தது. ஹேண்ட்லரே வேண்டாம், சிக்னலை பிளாக் செய்துவிட்டு ஒரு கோப்பைப் போல வாசித்துக்கொள்ளலாம். சுத்தமாக இருக்கிறது, ஆனால் பிளாக் செய்த மாஸ்க், புது புரொசெஸ் உருவாக்கும் ஃபோர்க், அதில் வேறு புரோகிராமை ஏற்றும் எக்ஸெக் இரண்டையும் தாண்டிச் சைல்டு புரொசெஸுக்கும் போய்விடும். எக்ஸெக்குக்கு முன் மாஸ்க்கைப் பழையபடி மாற்றாவிட்டால், நாம் கிளப்பிவிட்ட வேறு ஏதோ புரோகிராம் கண்ட்ரோல்-சிக்கு மசியாமல் நிற்கும், காரணம் நம் சர்வரில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. த்ரெட்டுகள் இருந்தால், அவற்றை உருவாக்கும் முன்பே மாஸ்க்கைப் போட்டுவிட வேண்டும். பிஎஸ்டி இயங்குதளங்கள் பக்கம், நிகழ்வுகளுக்குக் காத்திருக்க உதவும் கேகியூவில் சிக்னலுக்கு என்று தனி ஃபில்டர் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. மூன்று சைல்டு புரொசெஸ்கள் அடுத்தடுத்து முடிந்தால் அதை அறிவிக்கும் சிக்சைல்டு சிக்னல் மூன்று வரும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒன்று மட்டும் வரலாம். அதனால் ஒரு சிக்னலுக்கு, முடிந்த சைல்டை எடுக்கும் வெயிட்பிட் ஒன்று என்று எழுதினால் ஜோம்பிகள் (முடிந்தும் எடுக்கப்படாமல் கிடக்கும் புரொசெஸ்கள்) சேர்ந்துகொண்டே போகும். காத்திருக்காமல் திரும்பும் வகையில் வெயிட்பிட்டை, இனி எடுக்க யாரும் இல்லை என்று அது சொல்லும் வரை சுற்றவிட வேண்டும். அதேபோல எஸ்ஏ-ரீஸ்டார்ட் (சிக்னலால் தடைபட்ட அழைப்பைத் தானே மறுபடி தொடங்கச் சொல்லும் தேர்வு) போட்டாயிற்றே என்று போல், ஈபோல் விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது, அவை எப்படியும் ஈஇன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) பிழையோடு திரும்பும். அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு சர்வர் விழுந்துவிடாமல், மறுபடி சுற்றப் போக வேண்டும். தப்பான மெமரியைத் தொட்டால் வரும் சிக்செக்வியை மட்டும் இந்த லூப்புக்குள் கொண்டுவர நினைக்காதீர்கள், ஹேண்ட்லரிலிருந்து திரும்பினால் தப்பு செய்த அதே கட்டளைதான் மறுபடி ஓடும்.

"நான் சி எழுதுவதில்லை, எனக்கென்ன" என்று கேட்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பைத்தானில் உள்ளே இருக்கும் சி ஹேண்ட்லர் குறித்துவைத்துவிட்டுப் போய்விடும், நம் ஃபங்ஷன் பிறகு மெயின் த்ரெட்டில் ஓடும். மாலாக் ஆபத்து இல்லை, ஆனால் மெயின் பிடித்திருக்கும் த்ரெடிங் லாக்கை ஹேண்ட்லரும் கேட்டால் அதே முட்டுச்சந்துதான். பைத்தானின் ஈவென்ட் லூப் நூலகமான அசின்க்ஐஓ பயன்படுத்துகிறவர்கள் லூப்பின் ஆட்-சிக்னல்-ஹேண்ட்லரையே பயன்படுத்த வேண்டும். கோ மொழியில் சிக்னல் நோட்டிஃபை, தகவல் அனுப்பும் சேனலில் இடம் வரும் வரை காத்திருக்காது, பஃபர் இல்லாத சேனல் கொடுத்தால் சிக்னல் தொலையலாம். நோட்.ஜேஎஸ் பயனர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அடியில் இருக்கும் லிப்யூவி நூலகம் பைப் வேலையை அவர்களுக்காகச் செய்துவிடுகிறது.

நிற்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். புரோகிராம்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவிகளில், டாக்கரின் ஸ்டாப் கட்டளை சிக்டெர்ம் அனுப்பிவிட்டு வழக்கமாகப் 10 நொடி காத்திருக்கும், குபர்நெட்டிஸ் 30 நொடி. அதற்குப் பிறகு வரும் "சிக்கில்" என்ற கட்டாயச் சிக்னலை எந்த ஹேண்ட்லராலும் பிடிக்க முடியாது. லூப்பில் சிக்டெர்ம் படித்தவுடன் புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்தி, கையில் இருப்பதை முடிக்க ஒரு டைமர் வைத்து, அதற்குள் இரண்டாவது சிக்னல் வந்தால் உடனே வெளியேற வேண்டும். இதெல்லாம் லூப்பில் சாதாரண நிரல், பிரின்ட்எஃப் போடலாம், ஃப்ரீ செய்யலாம், எதற்கும் பயமில்லை.

அதனால் தொடரின் அடுத்த பகுதியிலேயே அந்த மாதிரி நிரலைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். செல்ஃப்-பைப் முறையில், ஹேண்ட்லரில் எர்ர்நோவைக் காப்பதும் ஒரு பைட் எழுதுவதும் மட்டும் இருக்க, மூடுவது, விடுவிப்பது எல்லாம் லூப்புக்கு வந்துவிட வேண்டும். திருத்தம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இல்லாமல், பழைய நிரல் வந்த அதே அளவுக்கு முழுதாக வர வேண்டும், ஏனென்றால் வாசகர்கள் வெட்டி எடுத்து வைத்திருப்பது முழு நிரலைத்தான்.

இப்படிக்கு,
சர்வர் புரோகிராம் எழுதும் வாசகர்