நாயை மல்லாத்தி அமுக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நாய் வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், குட்டிக்கு எத்தனை வேளை சாப்பாடு என்பதெல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் நாயைச் சொன்னபடி கேட்க வைப்பது பற்றிய பகுதிக்கு வந்ததும் மனம் பதறிவிட்டது. நாய் ஓநாயின் வழி வந்ததாம், ஓநாய்க் கூட்டத்தில் மற்றவற்றை அடக்குவதுதான் தலைவனாம், ஆகவே வீட்டில் அந்த ‘ஆல்ஃபா’ நீங்கள்தான் என்று நாய்க்குக் காட்ட வேண்டுமாம். அதற்கு வழியும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்குச் சாப்பாடு போட வேண்டும். அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் தட்டைப் பிடுங்க வேண்டும். உறுமினால் மல்லாத்திப் போட்டு, கழுத்தைப் பிடித்து, அடங்கும்வரை அமுக்க வேண்டும்.

இதை நம்பிச் செய்து பார்க்கப்போகும் வீடுகளை நினைத்துத்தான் இந்தக் கடிதம். நாய்களோடு பல காலமாகப் பழகி வருகிறவள் நான். இந்த யோசனை எங்கிருந்து கிளம்பியது என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். ஓநாய்கள் இடத்துக்காக ஓயாமல் மோதிக்கொள்கின்றன, வென்றது மேலே போகிறது என்ற சித்திரம் பரவியதற்கு அதுதான் முக்கியக் காரணம். முன்பின் தெரியாதவர்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எழுதுவது போன்றது அது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூலும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக் பிற்பாடு கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை தங்கி, மனிதரைக் கண்டு மிரளாத காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். அங்கே இருந்தது தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். அவ்வளவுதான் கூட்டம். வளர்ந்த பிள்ளைகள் காலம் வந்ததும் பிரிந்து போய்த் துணை தேடிக்கொள்கின்றன. தகப்பனை அடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும் கதையெல்லாம் இயல்பான காட்டு வாழ்க்கை அல்ல. 1999இல் மெக் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். சொல்லைப் பரப்பியவரே கைவிட்ட பிறகும் நாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேட்டை முடித்துத் திரும்பும் பெரிய ஓநாயைக் கண்டதும் குட்டிகள் ஓடி வந்து அதன் வாயோரத்தை நக்கும். உடனே அது தின்ற இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும். வெளியே போய்விட்டு வீடு திரும்பும்போது நாய் எம்பி எம்பி நம் முகத்தை நக்கப் பார்ப்பது இந்தப் பழக்கத்தின் மிச்சம். ஓநாயிடமிருந்து நாய் கொண்டுவந்ததைப் பற்றி எழுதுவதாக இருந்தால் இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்?

அதோடு, நாய் ஓநாயும் அல்ல. ஹங்கேரியில் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். குட்டிப் பருவம் முதல் மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களுக்கும், வீட்டு நாய்களுக்கும் எட்டாத இடத்தில் இறைச்சியை வைத்து, அதை வெளியே எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஒருமுறை என்ன செய்தாலும் எடுக்க முடியாதபடி இறுக்கி வைத்தார்கள். ஓநாய்கள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தன. நாய்களோ கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, பின்னால் நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. இந்தத் திரும்பிப் பார்த்தல் இருக்கிறதே, அதுதான் நாய். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் இதற்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடியது. தாயும் சேயும் பார்த்துக்கொள்ளும்போது வேலை செய்கிற அதே சுரப்பு. கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அந்த விளைவு தென்படவில்லை. இப்படி நம் முகத்தைப் பார்த்தே வாழப் பழகிய பிராணியின் கழுத்தை நெரித்துத்தான் அதற்கு எதையாவது புரிய வைக்க வேண்டுமா?

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதற்கு ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸலில் ஒரு சாட்சி இருக்கிறது. 1914இல் கல்குவாரித் தொழிலாளர்கள் கண்ட புதைகுழி அது. ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும். ஏழு மாதம் இருக்கலாம் குட்டிக்கு. அதன் பற்களில் இருந்த தழும்புகளை ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்டிருந்தது என்று 2018இல் எழுதினார்கள். அந்த நோய் வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எழுந்து நிற்கக்கூட முடியாத சோர்வு. தடுப்பூசியோ மருந்தோ இல்லாத காலத்தில் அந்தக் குட்டி வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள், துடைத்துவிட்டிருக்கிறார்கள், குளிரில் அணைத்து வைத்திருக்கிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி அது. அதற்கு யாரும் ‘நான்தான் தலைவன்’ என்று காட்டிக்கொண்டிருக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கட்டுரை சொல்லும் மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ’ என்று அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்கிறது. உறுமியதற்கு அமுக்கினால் பயம் போய்விடாது, உறுமல்தான் போகும். அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். அப்போது பக்கத்தில் இருப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலோடு தங்களிடம் வந்த நாய்களை வளர்த்த 140 பேரிடம் கேட்டறிந்து 2009இல் வெளியிட்டார்கள். அடித்தபோதோ உதைத்தபோதோ 43 விழுக்காடு நாய்கள் திருப்பிச் சீறின. மல்லாத்தி அமுக்கியபோது 31 விழுக்காடு. ஏற்கெனவே சிக்கலில் இருந்த நாய்கள்தான் அவை என்பது உண்மை. ஆனால் இத்தகைய யோசனையைத் தேடிப் படிப்பவரும் அப்படிப்பட்ட நாயை வைத்திருப்பவர்தானே?

அமுக்கியதும் நாய் அடங்கிவிட்டதே என்பார்கள். கிட்டத்தில் போய்ப் பாருங்கள். காதுகள் பின்னால் ஒட்டியிருக்கும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியும். சில நாய்கள் இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். இது மரியாதை இல்லை, திகில். செருப்பைக் கடித்துவிட்டு ‘குற்ற உணர்வோடு’ பார்க்கிறது என்கிறோமே, அதிலும் இதே கதைதான். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009இல் சோதித்துப் பார்த்தபோது, தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைக் காட்டியது.

தட்டைப் பிடுங்குவதும் அப்படித்தான். ஆள் வந்தால் சாப்பாடு பறிபோகும் என்றுதான் நாய் அதில் கற்றுக்கொள்கிறது. குட்டி சாப்பிடும்போது அந்தப் பக்கமாகப் போய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சில நாளில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் வாலை ஆட்டத் தொடங்கும். ஏற்கெனவே தட்டருகே உறுமுகிற நாயிடம் மட்டும் இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். வலியால்கூட உறுமலாம். காதுப் புண், மூட்டு வலி, சொத்தைப் பல் என்று எத்தனையோ இருக்கிறது.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளின் மேல் தாவக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும், கதவு திறந்ததும் தெருவுக்குப் பாயக் கூடாது. இவையெல்லாம் கட்டாயம் கற்றுத்தர வேண்டியவை. சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ஒரு தின்பண்டமோ ஒரு தடவலோ கொடுத்தால் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்பா சோபாவில் ஏறாதே என்பார், பிள்ளை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் என்றால் நாய் பாவம் என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழிலேயே அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். விலங்கு நடத்தை அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இடம் போதாவிட்டால், உறுமும் நாயை அமுக்க வேண்டாம் என்ற ஒரு வரியையாவது கட்டம் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் உள்ள வீடுகளில் அந்த வரி இன்றே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி