தீசிஸ் படங்களையும் சோதிக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தீசிஸ் பைண்டிங்குக்கு வரும் மாணவர்களில் சிலர், "அண்ணே, இந்தப் படத்துல ஓரத்துல இருக்கிற கோட்டை மட்டும் எடுத்துடுங்க" என்பார்கள். அது புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம், அந்தக் கோடுதான் சோதனையின் முடிவே! மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அழிக்கிற போட்டோஷாப்பிலேயே பிடிக்கவும் முடியும். வெளிச்சம்-இருட்டை மாற்றும் லெவல்ஸை ஒரு பக்கமாக இழுத்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால், வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஒட்டுப்போட்ட கட்டம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அசல் பின்னணியில் இருக்கும் பொடிப்பொடிப் புள்ளிகள் அங்கே இருக்காது. ஒரே படத்தை இரண்டு சோதனைக்குக் காட்டியிருக்கிறார்களா? ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடு போடுங்கள், இரண்டும் ஒன்றென்றால் முழுக்கக் கறுப்பாகிவிடும். (திருப்பிப் போட்டிருந்தால் முதலில் நேராக்கணும்.) ஆனால் ஜேபெக்கில் சுருக்கினாலே கட்டம் கட்டமாக வரும், அதைப் பார்த்து யாரையும் திருடன் என்றுவிடக் கூடாது, அசல் ஃபைலைக் கேட்க வேண்டும்.

நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 20,621 ஆய்வுக் கட்டுரைகளில் 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்கு இடமான படங்கள் இருந்தன. இங்கே என்னடாவென்றால், எழுத்துத் திருட்டு இல்லை என்ற சான்றிதழ் மட்டும் தீசிஸோடு வருகிறது, படத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கருவியிலிருந்து வந்த அசல் படங்களையும் தீசிஸோடு சேர்த்து வாங்கி வைக்க பல்கலைக்கழகங்களுக்கு என்ன தயக்கம்?

வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை