ஜூடித் வெயர்: கட்டுரையில் விட்டுப்போன பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜூடித் வெயர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மேற்கத்திய சாஸ்திரிய இசையைப் பற்றித் தமிழில் எழுத ஆளே குறைவு, அதனால் முதலில் ஒரு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க அரண்மனைதான். 2014-ல் ராணியின் இசைத் தலைவர் பதவி, முதலாம் சார்லஸ் காலத்திலிருந்து வரும் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண், 2022-ல் ராணியின் இறுதிச் சடங்குக்காக பைபிளின் 42-ஆம் சங்கீதத்துக்கு அமைத்த இசை, எல்லாம் சரி. அவர் இசை சொல்லித்தந்தவர் என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லையே?

கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்ததும் 1976 முதல் 1979 வரை அவர் பார்த்த வேலையைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் பள்ளிகளிலும் சிறிய ஊர்களிலும், பயிற்சியே இல்லாதவர்களோடு உட்கார்ந்து இசை உருவாக்கும் வேலை. அப்புறம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், பிறகு ஸ்காட்லாந்தின் இசை, நாடகக் கல்லூரியிலும் சில வருடங்கள். இதையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார் என்று தள்ளிவிட முடியாது என்பது என் கட்சி, ஏனென்றால் அந்தப் பழக்கம் அவர் இசைக்குள்ளேயே இருக்கிறது.

1979-ல் வந்த 'கிங் ஹரால்ட்ஸ் சாகா' என்ற ஓபராவை, அதாவது பாடியே நடத்தும் நாடகத்தை, கேட்டிருக்கிறீர்களா? 1066-ல் நார்வே மன்னர் இங்கிலாந்தின் மீது படையெடுத்துத் தோற்ற கதை. மூன்று அங்கம் உண்டு, ஆனால் மொத்தமே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பாடுவது ஒரே ஒரு சோப்ரானோ (உச்சக்குரல்) பாடகி, பக்கவாத்தியம் என்று எதுவுமே கிடையாது. எட்டுப் பாத்திரங்களையும் அவரே பாட வேண்டும், அது போதாதென்று நார்வே படை மொத்தமும் அவர்தான்! முதல் முறை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன், இரண்டாவது முறைதான் தோன்றியது, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்கும் வரை காத்திராமல் கையில் இருப்பதை வைத்து ஒரு போரையே நடத்திக் காட்டும் துணிச்சல் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தவருக்குத்தான் வரும் என்று.

அதேபோல அவரைப் பெரிய அளவில் பேசவைத்த ஓபரா 1987-ல் வந்த 'எ நைட் அட் த சைனீஸ் ஓபரா'. அதற்கு முன்பே சிறுவர்கள் பாடி நடிப்பதற்காக 'த பிளாக் ஸ்பைடர்' எழுதிவிட்டார், 1985-ல் கேன்டர்பரி பேராலயத்தின் நிலவறையில் அரங்கேறியது. ஆக, பிள்ளைகளுக்கான ஓபரா முதலில், பேர் வாங்கித்தந்த அந்தப் பெரிய ஓபரா பிறகு.

இசைத் தலைவர் பதவிக்கு 'அரசவை இசைக்கலைஞர்' என்ற உங்கள் மொழிபெயர்ப்பும் எனக்கு உறுத்தியது. மன்னர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? அந்தப் பதவிக்கு இன்ன கடமை என்று கட்டாயம் எதுவும் இல்லை. முன்பு ஆயுள் முழுக்க இருக்கும், 2004-ல் வெயருக்கு முன்பிருந்த இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் வந்ததிலிருந்து பத்து வருடம். அவரும் இளம் வயதில் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், மாணவர்கள் பாடுவதற்கென்றே எழுதியவர்.

வெயர் பதவிக்கு வந்தபோது பள்ளி இசை ஆசிரியர்களுக்கும் அமெச்சூர் பாடகர் குழுக்களுக்கும் கிராமப்புற இசை விழாக்களுக்கும் துணை நிற்கப்போவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அது சும்மா சொல்லும் மரியாதைப் பேச்சு இல்லை. இங்கிலாந்தில் பள்ளிகளை எடைபோட 2010-ல் அறிவித்த அளவுகோலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், மொழிகள், வரலாறு அல்லது புவியியல் எல்லாம் உண்டு, இசைக்கு இடமில்லை. கணக்கில் வராத பாடத்துக்கு எந்தத் தலைமை ஆசிரியர் நேரம் ஒதுக்குவார்? தேர்வுக்கு இசையை எடுக்கும் மாணவர்கள் குறைந்துகொண்டே போன வருடங்களில்தான் அவர் இந்தப் பதவியில் இருந்தார்.

2024-ல் அந்த இடத்துக்கு இசையமைப்பாளர் எரலின் வாலன் வந்திருக்கிறார். மத்திய அமெரிக்க நாடான பெலிஸில் பிறந்து இரண்டு வயதில் லண்டனுக்கு வந்தவர். அவரைப் பற்றியும் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன், அந்தக் கட்டுரையாவது அரண்மனை வாசலில் தொடங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்