ஹவில்தார் என்று கூப்பிட்டவர்

ஏற்காடு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். மழை விட்டுவிட்டது, காபிப் பழம் பறிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

நீ அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டுக்குப் போய் அனுப்பிய படங்களில் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சாவியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 'ஏதோ பழைய சாவி' என்று போட்டிருந்தாயே, அது பாரிஸில் இருந்த பாஸ்டில் சிறையின் சாவி! 1789இல் ஜனங்கள் அந்தச் சிறையைப் பிடித்தார்கள். மறுவருஷம் லஃபாயெத் என்ற பிரெஞ்சுப் பிரபு சாவியை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். வளர்ப்புத் தகப்பனுக்கு மகன் செலுத்த வேண்டியது, ஜெனரலுக்கு அவருடைய உதவி அதிகாரி செலுத்த வேண்டியது என்று கடிதத்தில் எழுதினார்.

அமெரிக்க சுதந்திரப் போரில் வாஷிங்டனின் கீழ் சண்டை போட 1777இல் கப்பலேறி வந்தபோது லஃபாயெத்துக்கு 19 வயது. பெற்ற தகப்பன் இவர் குழந்தையாக இருக்கும்போதே போரில் செத்துப்போனவர். வாஷிங்டனுக்கு 45, சொந்தப் பிள்ளை கிடையாது. பட்டாளத்தில் இப்படி ஒட்டிக்கொள்வது சகஜம். யுத்தம் முடிந்து 1784 டிசம்பரில் அன்னாபோலிஸில் பிரிந்தார்கள். வண்டிகள் விலக விலக, உன்னைப் பார்ப்பது இதுதான் கடைசியோ என்று கேட்டுக்கொண்டேன், இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயம் ஆமாம் என்றது என்று வாஷிங்டன் வீடு திரும்பி எழுதினார். அப்படியேதான் ஆயிற்று. அப்புறம் வெறும் கடிதம்தான். (நடுவில் லஃபாயெத் மால்டாக் கழுதைகளும் அனுப்பினார்!) அவர் சிறையில் கிடந்தபோது மகனை வாஷிங்டன்தான் வீட்டில் வைத்துக்கொண்டார். பையன் பெயரும் ஜார்ஜ் வாஷிங்டன்தான். 1824இல் லஃபாயெத் திரும்ப வந்தபோது கல்லறையைத்தான் பார்க்க முடிந்தது.

எனக்கு உறுத்தியது வேறு. சண்டை ஓய்ந்து அத்தனை வருஷம் ஆகியும் வாஷிங்டன் 'என் அன்பு மார்க்கீ' என்று பிரபுப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவார், லஃபாயெத் 'என் அன்பு ஜெனரல்' என்பார். பாலக்காட்டு மாமா ஞாபகம் இருக்கிறதா? உனக்கு நேந்திரங்காய் வறுவல் கொண்டுவருவாரே, அவர்தான். பட்டாளத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம், அவர் சுபேதார் ஆனார், நான் ஹவில்தாராகவே வந்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன் வந்த இன்லேண்டில் 'என்ன ஹவில்தாரே' என்று ஆரம்பித்திருந்தார். சுருக்கென்றது. பதில் போடவில்லை. பிரியத்தில் கூப்பிட்டிருப்பார் என்று இப்போதுதான் தோன்றுகிறது, இந்த வயதில்.

சேலம் ஜங்ஷனில் அவரை ரயிலேற்றிவிட்டபோது கை காட்டினேனா என்றுகூட நினைவில்லை.

மறுபடி அந்தப் பக்கம் போனால், சாவிப் படம் போட்ட அட்டை கடையில் இருந்தால் ஒன்று வாங்கி அனுப்பு. முகவரி என்னிடம் இருக்கிறது. 'சுபேதார் சாப்' என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா