தைராய்டு மாத்திரை: மருந்துச் சீட்டில் நேரத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு சுரப்புக் குறைபாட்டுக்காக நான் 14 ஆண்டுகளாக நாள்தோறும் லெவோதைராக்சின் மாத்திரை உட்கொண்டு வருகிறேன். இந்த மாத்திரையைப் பற்றி எழுதும்போது, நாளிதழ்களின் மருத்துவக் குறிப்புகளிலும் சரி, மருந்துச் சீட்டிலும் சரி, ‘காலையில் வெறும் வயிற்றில்’ என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மூன்று சொற்களை ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காரணம் தெரியாத அசதியில் கிடந்தவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு முதலில் 75 மைக்ரோகிராம் தரப்பட்டது. சில மாதங்களில் உடல் தேறியது. பின்னர் எலும்புத் தேய்மானத்துக்காகக் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தது. காலையில் எழுந்ததும் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் பொறுத்துத்தான் எதையும் உண்பேன். ஆனாலும் சில மாதங்களிலேயே பழைய சோர்வு திரும்பிவிட்டது. பிற்பகலானால் நாற்காலியை விட்டு எழ முடியாது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் உறங்காதவளைப் போலவே இருப்பேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., தைராய்டு ஹார்மோன் போதாதபோது இரத்தத்தில் உயரும். அந்த அளவு உயர்ந்திருந்ததால் மாத்திரை 100 ஆக்கப்பட்டது, பிறகு 125 ஆயிற்று. அதை எதனுடன் சேர்த்து விழுங்குகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய செய்தி அது என்று எனக்கும் தோன்றவில்லை. இரண்டு மருந்துகளையும் ஒரே நேரத்தில் வாங்கச் சென்ற ஒரு நாளில், மருந்தாளுநர் ஒருவர்தான், “இரண்டையும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், அம்மா?” என்று கேட்டார்.

வெறும் வயிறு என்றால் உணவில்லாத வயிறு என்று மட்டுமே நான் புரிந்துகொண்டிருந்தேன். இந்த மருந்துக்கு அது போதாது. லெவோதைராக்சின் இரைப்பையின் அமிலத்தில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. நல்ல நிலையிலேயே விழுங்கியதில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடுதான் உள்ளே போகிறது. கால்சியமோ இரும்புச்சத்தோ அலுமினியம் கலந்த அமில நீக்கியோ அதே வேளையில் குடலில் இருந்தால், மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் கால்சியமும் வழக்கமாகத் தரப்படுவதாலும், அதே காலத்தில் தைராய்டு ஹார்மோனின் தேவை கூடுவதாலும், இந்த இடைவெளியை மற்ற எவரையும் விட அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிப்பதும் சிலருக்கு உறிஞ்சுதலைக் குறைக்கிறது; தண்ணீர் மட்டுமே நல்லது. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றை நாள்தோறும் உட்கொள்பவர்களின் நிலை வேறு. அவை நாள் முழுவதும் அமிலச் சுரப்பைக் குறைத்து வைப்பதால், நேரத்தைத் தள்ளிவைப்பது மட்டும் உதவாது. தைராய்டு மருந்தின் அளவையே மருத்துவர் மாற்ற வேண்டி வரலாம்.

கால்சியத்தை மதிய உணவுக்கு மாற்றினேன். சிக்கல் அத்துடன் தீரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைப் படித்துவிட்டு எவரேனும் நாளையே நேரத்தை மாற்றக்கூடும். உறிஞ்சப்படாமல் வீணாகிக்கொண்டிருந்த காலத்தில் உயர்த்தப்பட்ட 125 மைக்ரோகிராம், வீணாவது நின்றதும் எனக்கு அதிகமாகிவிட்டது. சில வாரங்களில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உறக்கம் போயிற்று. பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.1 என்று, இயல்பை விட மிகக் குறைவாக வந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து, மீண்டும் அந்த 75-க்கே வந்து சேர்ந்தேன். ஆகவே நேரத்தை மாற்றுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்; ஆறு முதல் எட்டு வாரங்களில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

ஏன் அத்தனை வாரங்கள் என்று பலர் கேட்கிறார்கள். இம்மாத்திரையை ஒரு தெம்பு மருந்தாக நினைப்பதால் எழும் கேள்வி அது. காலையில் விழுங்கினால் சற்று நேரத்தில் சுறுசுறுப்பு வரும், மாலையில் அதன் வேகம் தணிந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில், மாத்திரையில் இருக்கும் டி4 ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகின்றன. உடல் அதைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பத் திசுக்களில் டி3 என்ற செயல்படும் வடிவமாக மாற்றிப் பயன்படுத்துகிறது. இன்றைக்கு நமக்கிருக்கும் தெம்பு, கடந்த பல வாரங்களாக ஒழுங்காக உள்ளே போன மருந்தால் கிடைத்தது. ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் அன்று மாலையே சோர்ந்துவிட மாட்டோம்; அதைப் போலவே, பல நாட்களின் தவறு ஒரே நாளில் சரியாகியும் விடாது.

இந்தக் காரணத்தால்தான், காலை நேரத்துக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்றும் துணிந்து சொல்ல முடிகிறது. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 பேர் மூன்று மாதங்கள் காலையிலும் மூன்று மாதங்கள் படுக்கும் வேளையிலும் மாற்றி மாற்றி மாத்திரை உட்கொண்டனர். படுக்கும் வேளையில் உட்கொண்டபோது டி.எஸ்.எச். குறைந்து, தைராய்டு ஹார்மோன் அளவு சற்று உயர்ந்தது. இதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவில் 65 பேரிடம் நடத்தப்பட்டு வெளியான ஆய்வு ஒன்றில் காலை வெறும் வயிறே முன்னிலை பெற்றது. காலை உணவோடு சேர்த்து விழுங்கியபோதுதான் டி.எஸ்.எச். மிக உயர்ந்து, நிலையில்லாமல் ஏறி இறங்கியது. இரவுக்கு மாறினால் சோர்வு பறந்துவிடும் என்று சிலர் உறுதி கூறுகிறார்கள். அதே நெதர்லாந்து ஆய்வில் இரத்த அளவுகள் மேம்பட்டபோதிலும், களைப்பு உள்ளிட்ட அறிகுறிகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

எனவே காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ, இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தோ, இரண்டில் எதை ஒருவரால் ஆண்டு முழுவதும் தவறாமல் கடைப்பிடிக்க முடியுமோ அதுவே அவருக்குரிய நேரம். எழுந்த நொடியிலிருந்து பிள்ளைகளையோ முதியவர்களையோ கவனிக்க வேண்டியவர்களுக்கு, அந்தக் காலை ஒரு மணி நேரம் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. நான் ஐந்து ஆண்டுகளாக இரவு ஏழரைக்குள் உண்டு, பத்தரைக்கு மேல் மாத்திரையை விழுங்கிப் படுக்கிறேன். இரவு உணவு வேளை நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்கு இது சரிவராது.

காலையில் மாத்திரை உட்கொள்பவர்கள், பரிசோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகே அதை விழுங்குவது நல்லது. விழுங்கியபின் சில மணி நேரத்துக்கு டி4 அளவு உயர்ந்து நிற்கும். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமினை உட்கொள்பவர்கள் அதைக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். முடிவையே பிறழக் காட்டும் தன்மை அதற்கு உண்டு.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது, சோர்வு நீங்காதவர்கள் தாமாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்வதுதான். நேரமும் இடைவெளியும் சரியாக இருந்து, டி.எஸ்.எச். இயல்பான அளவுக்கு வந்த பிறகும் களைப்பாகவே உணர்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அசதி கற்பனை அல்ல. ஆனால் அதன் காரணம் இரத்தசோகையாகவோ, பி12 குறைவாகவோ, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கலாம். தேவைக்கு மேல் தைராய்டு மருந்து சேர்ந்தால் இதயத் துடிப்பு சீர்கெடுவதும் எலும்பு மெலிவதும் நேரும். வயதானவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

மருத்துவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது: மருந்துச் சீட்டில் தைராய்டு மாத்திரைக்கு எதிரே, அதை உட்கொள்ளும் மணியையும், அதன்பின் உணவுக்கு விட வேண்டிய நேரத்தையும், அந்த நோயாளி உட்கொள்ளும் மற்ற மாத்திரைகள் ஒவ்வொன்றுக்கும் விட வேண்டிய இடைவெளியையும் எழுதிக் கொடுங்கள். மருந்தின் அளவை உயர்த்துவதற்கு முன், “எத்தனை மணிக்கு, எதனுடன்?” என்று ஒரு முறை கேளுங்கள். தங்கள் மருத்துவப் பக்கத்தில் தைராய்டைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, கால்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் உரிய அந்த 4 மணி நேரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி