செஸ் புத்தகம் வாங்கும் முன்: கொங்கு நாட்டு நூலகர்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கும், பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

பெருந்துறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் என் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கின்றன. நீங்களும் ஈரோடு, கோவை புத்தகத் திருவிழாக்களுக்குப் போனால் செஸ் புத்தகம் நாலு எடுத்து வருகிறீர்கள். அந்த நாலு எதுவாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் பார்த்த அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பவை தொடக்க ஆட்டப் புத்தகங்கள், அதாவது ஆட்டத்தின் முதல் நகர்த்தல்களை மட்டும் சொல்பவை. சிசிலியன், கிங்ஸ் இண்டியன் என்று ஒவ்வொரு தொடக்க முறைக்கும் தடித் தடியாக. ஏழாவது படிக்கும் ஒரு பெண், விசைத்தறி ஓட்டுகிறவர் மகள், அப்படி ஒன்றைப் பள்ளியிலிருந்து எடுத்துவந்து பதினாலு நகர்த்தல் வரை மனப்பாடம் செய்தாள். போட்டியில் எதிரே உட்கார்ந்த பையன் மூன்றாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாததை ஆடிவிட்டான். அப்படியும் போராடி ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக் கடைசி வரை வந்துவிட்டாள். (பலகையில் நெடுவரிசைக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்.) அவளுடைய வெள்ளை ராஜா டி4-இல், சிப்பாய் இ3-இல். கறுப்பு ராஜா இ7-இல். ராஜாவை இ5-க்கு நடத்தியிருந்தால் ஆட்டம் அவளுடையது. சிப்பாயை இ4-க்குத் தள்ளினாள். பையன் ராஜாவை டி6-இல் வைத்து வழியை அடைத்துவிட்டான். கடைசியில் டிரா.

“சீக்கிரம் தள்ளுனா ராணி ஆயிரும்னு நெனச்சனுங்க சார்” என்றாள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகும் அல்லவா, அந்த வயதில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ராஜா முன்னால் போக வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடலாம். அதைச் சொல்லும் புத்தகம் அந்த அலமாரியில் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் முதலில் இறுதி ஆட்டத்துக்கு, அதாவது இப்படிச் சில காய்களே மிஞ்சி நிற்கும் கட்டத்துக்கு, ஒரு புத்தகம் வாங்குங்கள். ஜெரமி சில்மன் 2007-இல் எழுதிய ‘Silman's Complete Endgame Course’ புத்தகத்தை நான் தயங்காமல் சொல்வேன். இந்த ரேட்டிங்குக்கு (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் புள்ளிக்கு) இவ்வளவு தெரிந்தால் போதும் என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார். தொடங்குகிற பிள்ளை முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆடி ஆடித் தேறியபின் அதே புத்தகத்துக்குத் திரும்பி வரலாம். ஒரே செலவில் பல ஆண்டு ஓடும்.

அப்புறம், நம் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படிப்பவர்கள். பக்கம் பக்கமாக ஆங்கில விளக்கம் இருந்தால் இரண்டு நாளில் மூடிவிடுவார்கள். அவர்களுக்குப் படம் நிறைந்த புத்தகம்தான் வேண்டும். செஸ் வீராங்கனைகளான யூதித் போல்கார் சகோதரிகளின் தந்தை லாஸ்லோ போல்கார் தொகுத்த ‘Chess: 5334 Problems, Combinations and Games’ புத்தகத்தில் கணக்குகளும் ஆட்டங்களுமாக 5334 இருக்கின்றன. முதல் 306-ம் ஒரே நகர்த்தலில் மேட், அதாவது எதிரி ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிவது. படத்தைப் பார்த்தால் போதும், ஆங்கிலம் குறுக்கே நிற்காது. அதன் பின் வருபவை போகப் போகக் கடினம். முதல் பகுதியை முடிக்கவே ஒரு பிள்ளைக்குப் பல மாதம் பிடிக்கும்.

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கும் பிள்ளைகளுக்கு இர்விங் செர்னேவ் 1957-இல் எழுதிய ‘Logical Chess: Move by Move’ உண்டு. 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏன் என்று காரணம் சொல்வார். வாங்கும்போது இன்றைய குறியீட்டில் அச்சான பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரதிகளில் வெள்ளைச் சிப்பாயை இ4-க்கு நகர்த்துவதை ‘பி-கே4’ என்று எழுதும் முறை இருக்கும். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1981-க்குப் பிறகு அதை ஏற்பதில்லை. போட்டியில் இ4 என்று எழுதப் போகும் பிள்ளை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும். பழைய புத்தகம் நன்கொடையாக வந்தால் பெரியவர்கள் பகுதியில் வையுங்கள்.

எந்தப் புத்தகமானாலும் கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எத்தனை நகர்த்தல் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாறுக்கு மேல் போனால் புதிதாய்ப் படிக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. மேசையில் மல்லாத்தி வைத்தால் தானாக மூடிக்கொள்ளும் கட்டும் வேண்டாம். பலகையில் காய் நகர்த்த இரண்டு கையும் வேண்டுமே.

தொடக்க ஆட்டப் புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவட்டப் போட்டிகளில் ஜெயிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். அந்த வகை சீக்கிரம் பழையதாகிவிடும். இறுதி ஆட்டமும் மேட் கணக்குகளும் அப்படி இல்லை.

அந்தப் பெண் இப்போது என்னிடமிருக்கும் போல்கார் பிரதியைத்தான் வாரம் ஒருமுறை பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவர்கள் பள்ளி அலமாரியில் ஒரு பிரதியும், பக்கத்தில் ஒரு பலகையும் பூட்டில்லாமல் இருந்தால் போதுங்க.

அன்புடன்,
பெருந்துறைப் பக்கத்துச் செஸ் ஆசிரியர்